காதுக்குச் சாட்சி இல்லை

1

1908இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு தேவாலயத்தின் தரப்பு, பக்கத்தில் இருந்த மின் நிலையத்தின் மீது வழக்குப் போட்டது. எந்திரங்கள் ஓயாமல் ரீங்கரிக்கின்றன, நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், அந்த ரீங்காரத்தால் உண்மையில் அவதிப்பட்டவர் பாதிரியார் ஒருவர்தான். சபைக்கு வரும் கூட்டம் குறைந்ததாகவோ, வேறு யாருக்கும் பெரிய தொந்தரவு இருந்ததாகவோ காட்ட முடியவில்லை. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. ஒரு ஒலி தொந்தரவா இல்லையா என்பதைச் சாதாரண மனிதரின் காதை வைத்துத்தான் அளக்க வேண்டும், மிகையான கூருணர்வு கொண்ட ஒருவரின் காதை வைத்து அல்ல என்பதற்குச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த வழக்கை எடுத்துக்காட்டுவார்கள்.

இந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டை இல்லை. ஒருவர் காதுக்காக ஊரின் மின்சாரத்தை நிறுத்த முடியாது என்பது நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்த வழக்கில் தோற்பதற்குப் பாதிரியார் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த ஒலி அவரை வதைத்தது உண்மையாக இருக்கலாம். அதை நிறுத்தத் தேவையில்லை என்பதும் சரியாக இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நிற்க முடியும். நீதிமன்றத்தில் இது சுலபம். வீட்டிலும் அலுவலகத்திலும் கல்யாண மண்டபத்திலும்தான் இதைச் செய்ய நமக்குத் தெரியவில்லை. ஒருவர் "எனக்கு இந்தச் சத்தம் வலிக்கிறது" என்று சொன்னால், நாம் ஒன்று சத்தத்தைக் குறைக்கிறோம், அல்லது அவர் சொல்வதை நம்ப மறுக்கிறோம். நம்பிவிட்டுக் குறைக்காமல் இருப்பது என்ற மூன்றாவது வழி நம்மிடம் இல்லை. நான் பேச விரும்புவது அந்த மூன்றாவது வழியைப் பற்றி.

2

இதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு திருமண வரவேற்பில், ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்கு எதிரே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் அது சரியாகிவிட்டது. 'ஈ' என்று ஒரு ஒலி மட்டும் போகவில்லை. பழைய டியூப் டிவியைப் போட்டால் படம் வருவதற்கு முன்பே ஒரு மெல்லிய கீச்சொலி வருமே, கிட்டத்தட்ட அது. இன்றுவரை இருக்கிறது. சில வாரங்கள் கழித்து இரண்டாவது விஷயம் சேர்ந்துகொண்டது. எவர்சில்வர் தட்டு ஒன்றோடொன்று உரசினால் காதுக்குள் ஊசி இறங்கியது. குக்கர் விசிலுக்கு உடம்பே தூக்கிப்போட்டது. முதலாவதை டின்னிட்டஸ் என்பார்கள், காதிரைச்சல். இரண்டாவது ஹைபரக்யூசிஸ்: பிறருக்குச் சாதாரணமான ஒலி ஒருவருக்கு மட்டும் தாங்க முடியாததாக ஆவது.

காதுக்குள் என்ன நடக்கிறது என்று படித்துப் பார்த்தேன். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட காக்லியா என்ற உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். வெளியிலிருந்து வரும் அதிர்வை நரம்புக்குப் புரியும் மின்குறிப்பாக மாற்றுவது அவற்றின் வேலை. நம் ஆயுளுக்கும் அவ்வளவுதான் கையிருப்பு. செத்தால் திரும்ப முளைக்காது. டெசிபல் கணக்கும் நாம் நினைப்பதுபோல நேர்க்கோட்டில் போவதில்லை. மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. அமெரிக்காவின் பணியிட நலத்துக்கான ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்குப்படி, 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், 88 என்றால் நாலு மணி நேரம். இப்படிப் பாதிபாதியாகக் குறைந்துகொண்டே போய், 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிடம். நம் ஊர் வரவேற்புகளின் நீளத்தை நீங்களே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் ஹெட்ஃபோனை மாட்டி உட்காரவைத்தார்கள். பீப் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வழக்கமான ஆடியோகிராம் 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். என் கோடு நேராக, அழகாக வந்திருந்தது. "ரிப்போர்ட் பக்கா நார்மல் சார். டென்ஷனைக் குறைங்க."

அந்த 'நார்மல்' என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2009இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பலத்த இரைச்சலுக்குப் பிறகு எலிகளின் கேட்கும் வரம்பு சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தச் செல்களுக்கும் செவி நரம்புக்கும் நடுவில் இருக்கும் இணைப்புகளில், பாதிக்கப்பட்ட பகுதியில், ஏறக்குறைய பாதி காணாமல் போயிருந்தன. பரிசோதனையில் எல்லாம் சரி, உள்ளே பாதி வயர் அறுந்திருக்கிறது. 'மறைந்திருக்கும் செவியிழப்பு' என்று இதற்குப் பெயரும் வந்துவிட்டது. மனிதர்களில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அந்தப் பரிசோதனை ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது என்பதில் விவாதம் இல்லை. மிக மெல்லிய ஒலி உங்களுக்குக் கேட்கிறதா என்று அது கேட்கிறது. ஒலி உங்களை என்ன செய்கிறது என்று அது கேட்பதே இல்லை.

3

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு பிழையைப் பதிவு செய்வார். நாம் நம் கணினியில் ஓட்டிப் பார்ப்போம். வரவில்லை என்றால் 'கேன்னாட் ரீப்ரொட்யூஸ்' என்று எழுதி மூடிவிடுவோம். அதாவது, என்னால் அதைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை. இந்தச் சொற்களில் இருக்கும் நேர்மை எனக்குப் பிடிக்கும். பிழை இல்லை என்று அது சொல்வதில்லை, என்னிடம் வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஆனால் டிக்கெட் மூடப்பட்ட பிறகு இரண்டுக்கும் நடைமுறையில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

வலி என்பது எப்போதுமே ரீப்ரொட்யூஸ் செய்ய முடியாத பிழை. விட்கன்ஸ்டைன் இதற்கு ஒரு கற்பனை சொல்வார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி. உள்ளே இருப்பதை எல்லோரும் 'வண்டு' என்கிறார்கள். யாரும் அடுத்தவர் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அவர் அந்தக் கற்பனையை மொழியைப் பற்றிய வேறொரு வாதத்துக்காகப் பயன்படுத்தினார். காதிரைச்சல் உள்ளவனுக்கு அது அப்படியே தினசரி வாழ்க்கை. எலெய்ன் ஸ்கேரி 1985இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இன்னொரு கோணத்தைச் சொல்கிறார். வலியை அனுபவிப்பவருக்கு அதைவிட நிச்சயமானது வேறில்லை. அதைப் பற்றிக் கேள்விப்படுகிறவருக்கு அதுவே சந்தேகத்தின் முதல் உதாரணம். உடைந்த கைக்கு மாவுக்கட்டு சாட்சி சொல்லும். காதுக்குச் சாட்சி கிடையாது.

நம்பாதவர்களிடமும் நல்ல வாதங்கள் இருக்கின்றன. "காதுல ஈன்னு எல்லாருக்கும்தான் கேக்கும், நீ கவனிக்கறே, நாங்க கவனிக்கறதில்ல" என்றான் நண்பன் ஒருவன். அவன் சொன்னதில் உண்மை உண்டு. 1953இல் ஹெல்லரும் பெர்க்மனும், காதில் குறையில்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு ஒலியைச் சொன்னார்கள். "அது மனசுலதான் இருக்கு" என்பதும் முழுப் பொய் அல்ல. காதிலிருந்து வரும் குறிப்பு குறையும்போது மூளை தன் வால்யூமைத் தானே ஏற்றிவிடுகிறது, அப்போது அதன் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிறது என்பது இன்று வலுவாக இருக்கும் விளக்கங்களில் ஒன்று. உயிர்களை அறிவின் வரிசையில் அடுக்கும் தொல்காப்பியம் செவியை ஐந்தாவதாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைக்கிறது. காதுக்கு அடுத்த வீடு மனசுதான். ஆனால் ஒன்று மூளையில் நடக்கிறது என்பதால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

வாதத்தில் தோற்ற பிறகும் ஏன் மக்கள் நம்ப மறுக்கிறார்கள் என்று நிறைய யோசித்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதே மனிதர்கள் எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார்கள். அவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. என்னை நம்பினால் பாட்டை நிறுத்த வேண்டியிருக்கும், பிள்ளைகளை அடக்க வேண்டியிருக்கும், பண்டிகையில் பட்டாசு கூடாது என்றாகிவிடும். நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பில் வரும் என்று நினைக்கிறார்கள். பில்லைக் கட்ட மனமில்லாததால் பொருளே வரவில்லை என்கிறார்கள்.

மறுபக்கத்திலும் இதே குழப்பம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரும் "எனக்கு வலிக்கிறது, ஆகவே நீ நிறுத்து" என்ற 'ஆகவே'யைத் தானாக வந்துவிடும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார். அது தானாக வருவதில்லை. வலிக்கிறது என்பது ஒரு செய்தி. நிறுத்து என்பது ஒரு கோரிக்கை. செய்தியை நம்புவது எல்லோருடைய கடமை என்று நினைக்கிறேன். கோரிக்கையை ஏற்பதா இல்லையா என்பது பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

4

ஏன் பேசி முடிவு செய்ய வேண்டும், வலிக்கிறவர் பக்கம்தானே நியாயம் என்று கேட்கலாம். சத்தம் பற்றிய புகார் அவ்வளவு வெள்ளந்தியான ஒன்று அல்ல. யார் எழுப்பும் ஒலியை யார் இரைச்சல் என்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சாவுக்கு அடிக்கச் சொல்லி ஒரு சாரார் மேல் சுமத்தப்பட்ட பறை, பின்னாளில் அவர்களின் உரிமைக்குரலாக மேடை ஏறியது. அதை 'டமடமன்னு ஒரே சத்தம்' என்று முகம் சுளிப்பவருக்கு வலிப்பது எப்போதும் காதுதான் என்று சொல்லிவிட முடியாது. அமைதி என்பதே இன்று காசு கொடுத்து வாங்கும் பண்டம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்த அடுக்குமாடியும், இரைச்சலை அழிக்கும் ஹெட்ஃபோனும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இன்னொரு பக்கம், மிக மோசமாகச் சிதையும் காதுகள் புகாரே செய்வதில்லை. நான் வளர்ந்தது கொங்குப் பகுதியில். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் கொட்டகைக்குள் போனவர்களுக்குத் தெரியும். இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். தறி ஓட்டுகிறவர்கள் உதட்டசைவிலும் கைச்சாடையிலும் பேசிக்கொள்வார்கள். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தும் உரக்கப் பேசுகிற தறிக்காரர்களை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இரைச்சலால் வரும் செவியிழப்பு 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றிருந்த தொழில் நோய். வீட்டோடு ஒட்டிய நாலு தறிக் கொட்டகைக்குள் அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இவர்களை நினைத்தால், என் இரண்டரை மணி நேரத்தைப் பற்றி இவ்வளவு எழுத எனக்குக் கிடைத்திருப்பதே ஒரு சலுகைதான்.

பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இன்னொரு ஆங்கிலேய வழக்கை எடுத்துக்கொள்கிறார். லண்டனில் ஒரு மிட்டாய்க்காரர் அறுபது வருடத்துக்கும் மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடியிருந்த டாக்டர் அந்தச் சமையலறைச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்றைக் கட்டினார். ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்கவில்லை என்று வழக்குப் போட்டார். 1879இல் டாக்டர் ஜெயித்தார். கோஸ் கேட்பது இதுதான்: இங்கே யார் யாருக்குத் தீங்கு செய்தது? மிட்டாய்க்காரர் டாக்டரைக் கெடுக்கிறார் என்பது எவ்வளவு உண்மையோ, உரலை நிறுத்தச் சொல்லி டாக்டர் மிட்டாய்க்காரரைக் கெடுக்கிறார் என்பதும் அவ்வளவு உண்மை. தீங்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், என் ஒரு காதுக்காக ஒரு தெரு தன் கொண்டாட்டத்தை விட வேண்டும் என்றால் அந்தத் தெருவும் ஏதோ ஒன்றை இழக்கிறதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே தனியாகப் பிரித்துவிட வேண்டும். நம் ஊரில் பல நேரம், கூருணர்வு உள்ளவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் சத்தம், சாதாரணக் காதுக்கே சட்டம் அனுமதிக்காத சத்தம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. பேச்சுரிமை என்பது கேட்க விரும்பாதவரைக் கட்டாயக் கேட்பாளராக ஆக்கும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2005இல் விரிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு பொறியாளர். அவரை உலுக்கியது ஒரு செய்தி: வல்லுறவுக்கு ஆளான பதின்மூன்று வயதுச் சிறுமி உதவி கேட்டுக் கதறியது, அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி இசையில் யார் காதிலும் விழவில்லை. ஆக இந்த எல்லைக்கு மேலே போகும் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல யாரும் நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. நான் பேசுவது அந்த எல்லைக்குக் கீழே இருப்பதைப் பற்றி. தட்டு, குக்கர், குழந்தையின் கூச்சல், அலுவலகத்தில் சிரிப்பு. அங்கே எந்தச் சட்டமும் உதவிக்கு வராது.

5

அந்த எல்லைக்குக் கீழே, உலகம் எனக்காக முழுக்க அடங்கினால் நான் குணமாகிவிடுவேனா? மாட்டேன் என்பதுதான் இதில் வேடிக்கை. 2003இல் கிரெய்க் ஃபார்ம்பியும் சகாக்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்கு இரண்டு வாரம் காதடைப்பான். சிலருக்கு அதே இரண்டு வாரம், காதில் மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து தரும் கருவி. காதை அடைத்துக்கொண்டவர்களுக்கு ஒலி முன்பைவிட உரக்கக் கேட்டது. மெல்லிய இரைச்சலோடு வாழ்ந்தவர்களுக்குத் தாங்கும் திறன் கூடியது. அபாயமான சத்தத்தில் காதடைப்பான் அவசியம்தான். ஆனால் சாதாரண ஒலிகளிலிருந்து எந்நேரமும் ஒளிந்துகொண்டால் மூளை வால்யூமை இன்னும் ஏற்றிவிடும். அதனால்தான் இதற்கான சிகிச்சைகள், மெல்ல மெல்ல, தாங்கக்கூடிய அளவில் ஒலிக்குள் திரும்பிப் போவதைப் பற்றியே பேசுகின்றன.

அப்படியானால் மற்றவர்களிடம் எனக்கு வேண்டியது அமைதி இல்லை. பிறகு என்ன?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய்க்கு வந்து தங்கும் பறவைகள் பயந்துவிடும் என்பதுதான் காரணம். வனத்துறை அவர்களுக்கு நன்றியாக இனிப்பு கொடுப்பது ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்தியாகும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது விட்டுக்கொடுத்தது அல்ல, நம்பியது. எந்தக் கொக்கிடமும் யாரும் ஆடியோகிராம் கேட்கவில்லை. 'மற்ற ஊர்க் கொக்கெல்லாம் சும்மாதானே இருக்கு' என்று சொல்லவில்லை. இன்னொரு உயிருக்கு நம்மிடம் இல்லாத பயம் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். இத்தனைக்கும் பறவைகளின் காதில் அழிந்த மயிர்ச்செல்கள் திரும்ப முளைக்கும் என்பது 1980களின் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். முளைக்காத காது நம்முடையது.

6

1972இல் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நகர வாழ்வின் நெருக்கடி பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதில் ஒரு பரிசோதனை. ஆட்களை உட்காரவைத்து, எப்போது வரும் என்று தெரியாதபடி பலத்த இரைச்சலைப் போட்டார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, "இதை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது" என்றார்கள். பொத்தான் இருந்தவர்கள் பெரும்பாலும் அதைத் தொடவே இல்லை. இரண்டு பிரிவினரும் கேட்டது அதே இரைச்சல்தான். ஆனால் பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தபோது, பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள், பிழைகளைக் கூர்மையாகக் கண்டுபிடித்தார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். மனிதரை உடைப்பது சத்தத்தின் அளவு மட்டுமல்ல. அதன் முன்னால் தான் ஒரு பொருட்டே இல்லை என்ற உணர்வும் சேர்ந்துதான் உடைக்கிறது.

நம்பப்படுவது என்பது அந்தப் பொத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போன வருடம் பக்கத்து வீட்டு அண்ணன் கேட் அருகே நின்று கூப்பிட்டார். "தம்பி, நாளைக்குச் சாயந்தரம் பாப்பாவுக்குச் சீரு வெச்சிருக்கறமுங்க. ரேடியோ செட்டு கட்டறாங்க. ஒம்போதரைக்கு நிறுத்திப் போடுவோம். உங்களுக்குக் காது ஆகாதுன்னு தெரியும், அதான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு." அவர் செட்டைக் குறைக்கவில்லை. நான் குறைக்கச் சொல்லவும் இல்லை. அவர் பெண்ணுக்கு அது ஒரு முறைதான் வரும் நாள். பந்தியில் சாப்பிட்டுவிட்டு, காதடைப்பானோடு மொய் எழுதிவிட்டு, மாடியின் பின்பக்க அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். சத்தம் சுவரைத் தாண்டி வரத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அது என்னை ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் இதில் பாதிச் சத்தத்துக்கே மூன்று நாள் படுத்திருக்கிறேன். அங்கே நான் இயர் ப்ளக்கை எடுத்தபோது, "என்னங்க, சின்னக் குழந்த மாதிரி" என்று சிரித்திருந்தார்கள்.

இதில் தத்துவம் எவ்வளவு, நரம்பியல் எவ்வளவு என்று பிரிக்க என்னால் ஆகாது. ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் பக்கத்தில் யாராவது காதைப் பொத்திக்கொண்டால் முதலில் வால்யூம் பட்டனைத் தேடாதீர்கள். அவர்கள் சொல்வதை ஒத்துக்கொள்ளுங்கள். "அப்படியா, எது ரொம்ப வலிக்குது?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு குறைக்கலாம், குறைக்க முடியாது என்றும் சொல்லலாம், ஒரு மணி நேரம் கழித்து நிறுத்துகிறோம் என்று நடுவில் நிற்கலாம். அது இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வது. நம்புவதற்குச் செலவு எதுவும் இல்லை. பில் வரும் என்று பயந்துதான் நாம் அதைக்கூடக் கொடுக்காமல் இருக்கிறோம்.